மார்பினுள் ஒரு சிறு வழி

செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது என் ஊராகிய புளியறை. ஊரைத் தாண்டினால் மலை. மலையைத் தாண்டினால் கேரளம். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் எங்கள் ஊர் வயல்களும் தென்னந்தோப்புகளும் நனைந்து நிற்கும். சிறுவனாக இருந்தபோது எனக்கு வாய்த்த பெரிய வேடிக்கை, பகவதிபுரம் நிலையத்தைக் கடந்த புகைவண்டி மலைக்குள் நுழைந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் அந்த இருப்புப் பாதையில் 1904-ஆம் ஆண்டில் வண்டி ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018-இல் அது மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது.

"இத்துணைப் பெரிய மலையை எப்படித் துளைத்தார்கள்?" என்று ஒருநாள் என் தந்தையாரைக் கேட்டேன். "துளைத்தது பிறகு, முதலில் அளந்தார்கள்" என்று அவர் சொன்னார். அந்த விடையின் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, ஒரு மருத்துவமனைக் கூடத்தில்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் உயிரியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காளின் மகன், பத்தொன்பது வயது இளைஞன், ஒரு வேலைக்கு விண்ணப்பித்து உடற்பரிசோதனைக்குச் சென்றான். அவனுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. ஆனால் மார்பை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, இடப்புறத்தின் மேற்பகுதியில், முதுகெலும்பை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு நிழல் தெரிந்தது. அது நரம்பிலிருந்து தோன்றிய கட்டியாக இருக்கலாம் என்றும், எடுத்துவிடுவதே நல்லது என்றும் மருத்துவர் கூறினார்.

அக்காள் என் முகத்தைப் பார்த்தாள். "தம்பி, வலியே இல்லாத பிள்ளையின் மார்பில் கத்தி வைப்பானேன்?" என்றாள்.

மாணவ நண்பர்களே, தாய் ஒருத்தி கேட்ட இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

மார்புக்குள் கட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நுரையீரல். ஆனால் மார்புக்கூட்டில் நரம்புகளும் நிறைய உண்டு. தண்டுவடத்திலிருந்து புறப்படும் 31 இணை நரம்புகளுள் 12 இணை மார்பைச் சேர்ந்தவை. அவை முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள சிறு துவாரங்களின் வழியே வெளிவந்து, ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி முன்னோக்கிச் செல்கின்றன. இவையன்றி, முதுகெலும்பின் இருபுறமும் மேலிருந்து கீழாகப் பரிவு நரம்புச் சரம் ஒன்று ஓடுகிறது. நூலில் மணி கோத்தாற்போல அதில் ஆங்காங்கே முடிச்சுகள் இருக்கும். வியர்ப்பதும், கண்மணி விரிவதும், இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் இந்தச் சரத்தின் ஆட்சிக்கு உட்பட்டவை.

நரம்பு என்பது வெறும் இழை அன்று. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல அதற்கும் உறை உண்டு. உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்னும் கொள்கையை 1839-இல் நிலைநாட்டிய தியோடர் ஷுவான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயராலேயே அவ்வுறையின் உயிரணுக்கள் இன்றும் வழங்குகின்றன. அவ்வணுக்கள் அளவு மீறிப் பெருகினால் உண்டாவது ஷுவான் கட்டி. நரம்பு முடிச்சின் அணுக்களிலிருந்து எழும் கட்டிகள் வேறொரு வகை. மூன்றாவது வகை மிக அரியது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் சுரப்புகளை அது தானே சுரந்து வெளியிடக்கூடும். முன்கூட்டியே அறியாமல் அதைத் தொட்டால், அறுவை மேசையிலேயே இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும். ஆகையால் ஐயம் தோன்றினால் இரத்தத்தையும் சிறுநீரையும் முதலில் சோதித்து, மருந்தினால் அழுத்தத்தை அடக்கிய பிறகே கத்தியை எடுப்பார்கள்.

இந்தக் கட்டிகள் பொதுவாக அரியவையே. பெரியவர்களுக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை, மெல்ல வளர்பவை. சிறு குழந்தைகளுக்கு வருபவற்றுள் புற்றுநோயாக இருப்பவை மிகுதி. படத்தைப் பார்த்த மட்டில் இது நல்லது, இது தீயது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்த பின்பே துணிய முடியும். மேலும், தீங்கற்ற கட்டியும் இடத்தை அடைக்கும். முதுகெலும்பின் துவாரத்துக்குள் புகுந்து வளர்ந்தால் தண்டுவடத்தை நெருக்கும். கால்கள் மரத்துப்போகவும் செயலிழக்கவும் அது வழியாகும். வலி இல்லாத காலமே இவ்வகைக் கட்டியை எடுப்பதற்கு ஏற்ற காலம் என்பது இதனால்தான். அக்காளின் கேள்வியில் பாதிக்கு விடை இது.

மற்றொரு பாதி, "எப்படி எடுப்பது?" என்பது. இதற்கு விடை சொல்லப் புகுந்தால் நூறு ஆண்டுக் கதையைச் சொல்லவேண்டும்.

முற்காலத்தில் இருந்த வழி ஒன்றே. முதுகுப்புறத்திலிருந்து மார்பின் பக்கவாட்டாக நீளக் கீறி, தசைகளை வெட்டி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இரும்புக் கருவியைச் செலுத்தி அவற்றை அகற்றுவார்கள். கட்டி ஓர் எலுமிச்சம்பழம். அதை எடுப்பதற்கு வெட்டிய வாசலோ ஒரு சாண். கட்டி போன பிறகும் விலாவின் வலி போகாது. விலாக்களை விரிக்கும்போது அவற்றின் கீழ்விளிம்பில் ஓடும் நரம்புகள் நசுங்குவதால், சிலருக்கு அவ்வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

சிறு துளையின் வழியே மார்பினுள் பார்க்கலாம் என்பதை 1910-ஆம் ஆண்டிலேயே காட்டியவர், சுவீடன் நாட்டு மருத்துவர் ஜேக்கபேயஸ். சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கென அமைந்த குழாய்க் கருவியை அவர் விலாக்களுக்கு இடையே செலுத்தினார். அக்காலத்தில் காசநோய்க்குத் தக்க மருந்து இல்லை. நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுப்பதே சிகிச்சை. அவ்வாறு சுருங்கவொட்டாமல் நுரையீரலை மார்புச் சுவரோடு பிணைத்திருக்கும் நார்களை அவர் குழாயின் வழியே கண்டு அறுத்தார்.

பின்பு காசநோய்க்கு மருந்துகள் வந்தன. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம், நோயாளிகள் தம் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு, மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப்போலவே குணம் பெறலாம் என்பதை மெய்ப்பித்தது. அம்முடிவு 1959-இல் வெளியாகி உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. மருந்து வென்றபின், நுரையீரலைச் சுருக்கும் வேலைக்குத் தேவை இல்லாது போயிற்று. ஜேக்கபேயஸின் கருவியும் பெரும்பாலும் மூலையில் ஒதுங்கியது.

அது மீண்டும் வருவதற்கு மூன்று செல்வங்கள் தேவைப்பட்டன: ஒளி, இடம், முன்னறிவு.

முதலாவது ஒளி. பழைய குழாயின் முனையில் எரிந்தது சிறு விளக்கு. அதன் வெளிச்சமும் போதாது, அதன் சூடும் ஆகாது. வெளியே எரியும் விளக்கின் ஒளியை வளைவான வழியில் உள்ளே கொண்டுசெல்ல முடிந்தால் எவ்வளவு நன்மை! பாத்திரத்தின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் வளைந்து செல்வதை 1854-இல் டிண்டால் என்னும் விஞ்ஞானி இலண்டனில் காட்டினார். ஒரு கண்ணாடிப் புட்டி, அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை, எதிர்ப்புறத்தில் ஒரு கைவிளக்கு, ஓர் இருட்டறை ஆகியவை இருந்தால் நீங்களும் இதைக் காணலாம். நீருக்குப் பதில் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, அவற்றின் வழியே உருவத்தையே கொண்டுசெல்லும் முறையை 1954-இல் வெளியிட்ட இருவர் ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலேயரும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்னும் நம் நாட்டவரும் ஆவர். இன்று மார்புக்குள் நுழையும் கருவிக்கு விளக்கொளியைக் கொண்டுசெல்வது இத்தகைய இழைக் கற்றையே. கருவியின் புறமுனையில் சிறு காமிரா பொருத்தப்பட்டுள்ளது. உள்ளே உள்ளதைத் திரையில் பன்மடங்கு பெரிதாக்கி, அறையில் நிற்கும் அனைவரும் ஒருங்கே பார்க்கிறார்கள்.

இரண்டாவது இடம். மார்புக்கூடு முழுவதையும் நுரையீரல் நிறைத்துக்கொண்டிருக்கும்போது கருவி எங்கே அசைவது? இதற்கு விடை தந்தது, சுவீடனைச் சேர்ந்த கார்லென்ஸ் 1949-இல் வெளியிட்ட இரட்டைக்குழல். ஒரே குழாய்க்குள் இரண்டு வழிகள்; ஒன்று வலது நுரையீரலுக்கு, மற்றொன்று இடதுக்கு. மயக்க மருத்துவர் ஒரு நுரையீரலை மட்டும் இயங்கவிட்டு, மற்றதைக் காற்றிழந்து சுருங்க வைக்கிறார். நோயாளி ஒரே நுரையீரலால் மூச்சுவிடும் அந்த நேரத்தில், அறுவை மருத்துவருக்கு வெற்றிடம் ஒன்று கிடைக்கிறது.

மூன்றாவதான முன்னறிவே என் தந்தையார் சொன்ன அளவை. ஹவுன்ஸ்பீல்டு கண்ட சி.டி. கருவி 1971-இல் முதன்முதலாக மனிதனின் தலையைப் படமெடுத்தது. உடலைக் குறுக்கே சீவியதுபோல ஒவ்வோர் அடுக்காகக் காட்டும் அந்தப் படமும், மென்மையான உறுப்புகளையும் தண்டுவடத்தையும் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும் வந்தபின், வெட்டாமலே உள்ளே உள்ளதை அளக்க முடிந்தது. முதுகை ஒட்டிய நரம்புக் கட்டிகளுள் ஏறக்குறைய பத்தில் ஒன்று, முள்ளெலும்புத் துவாரத்தின் வழியே தண்டுவடத்தை நோக்கிப் புகுந்திருக்கும். வெளியே ஒரு பகுதி, உள்ளே ஒரு பகுதி, நடுவில் குறுகிய கழுத்து. பார்ப்பதற்கு உடுக்கை போலிருக்கும். இதை அறியாமல் மார்புப்புறத்திலிருந்து இழுத்தால் தண்டுவடத்துக்கே ஊறு நேரும். இத்தகைய கட்டியானால் நரம்பு அறுவை மருத்துவர் முதுகுப்புறத்திலிருந்து உட்பகுதியை முதலில் விடுவிக்கவேண்டும். பிறகே மார்பு அறுவை மருத்துவர் வெளிப்பகுதியை எடுக்கவேண்டும்.

இருவேறு துறையினர் ஒரே உடலுக்காகக் கூடும் இந்த இடத்தில் நம் நாட்டின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அதே ஆண்டில், அதே கல்லூரியில், கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். இவர்கள் மூவரும் இட்ட வித்திலிருந்தே தென்னாட்டில் இவ்விரு துறைகளும் கிளைத்தன.

சிறு துளை அறுவை நம் நாட்டுக்கு வந்தது வயிற்றின் வழியாக. 1990-இல் பம்பாயில் உத்வாடியா என்னும் மருத்துவர் இம்முறையால் பித்தப்பையை அகற்றினார். மார்பில் உள்ள நரம்புக் கட்டியை இவ்வழியில் எடுத்த செய்தியை அமெரிக்க மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பில் இட்ட துளைகளின் வழியே உணவுக்குழாய்ப் புற்றுநோயை அகற்றும் முறையில் 130 பேருக்குச் செய்த சிகிச்சையைப் பற்றி 2006-இல் எழுதிய கட்டுரை, பிறநாட்டு மருத்துவரும் எடுத்துக்காட்டும் கட்டுரையாயிற்று.

இனி, என் மருமகனிடம் வருவோம். படங்கள் எல்லாம் எடுத்தாயின. கட்டி தண்டுவடத்தை நோக்கிப் புகவில்லை. சுரப்புச் சோதனைகளும் ஐயத்துக்கு இடமின்றி அமைந்தன. ஆனால் கட்டியின் மேல்முனை, கழுத்தடியில் உள்ள பெரிய பரிவு நரம்பு முடிச்சுக்கு மிக அருகில் இருந்தது. அறுவை மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். "இந்த முடிச்சு சிதைந்தால் இடக்கண்ணின் மேலிமை சற்றே தாழும், கண்மணி சிறுக்கும், முகத்தின் அந்தப் பாதியில் வியர்வை தோன்றாது. ஹார்னர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1869-இல் விவரித்த நிலை இது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆயினும் நேரக்கூடும் என்பதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும்" என்றார்.

பிறகு இரண்டு தாள்களை எங்கள் முன் வைத்தார். ஒன்று சிறு துளை அறுவைக்கு ஒப்புதல்; மற்றொன்று, தேவைப்பட்டால் மார்பை அகலத் திறப்பதற்கு ஒப்புதல். அக்காள் இரண்டாவது தாளைத் தொடவே அஞ்சினாள். "திறக்க நேர்ந்தால், முதலில் செய்தது தோற்றுப்போயிற்று என்றுதானே பொருள்?" என்று கேட்டாள். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "இல்லை அம்மா. இரத்தக் குழாய் அறுந்தாலோ, கட்டி எங்கேனும் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ, உடனே திறப்பதுதான் பிள்ளையைக் காப்பாற்றும். திறக்கத் தெரியாதவன் துளையிடக் கூடாது." அக்காள் இரண்டு தாள்களிலும் கையொப்பமிட்டாள்.

அவனை மயக்கி, வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடது நுரையீரலைச் சுருங்கச் செய்தார்கள். விலாக்களுக்கு இடையே மூன்று துளைகள். ஒவ்வொன்றும் விரல் நுழையும் அளவே. நரம்பு விலாவின் கீழ்விளிம்பில் ஓடுவதால், அதற்கு அடுத்த விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே துளையிடுவது வழக்கம். ஒரு துளையில் காமிரா. மற்ற இரண்டில் நீண்ட காம்புடைய கருவிகள். கட்டியை மூடியிருந்த மெல்லிய உறையைக் கீறி, அதற்கு இரத்தம் ஊட்டிய சிறு குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, கட்டியை மெல்ல விடுவித்தார்கள். மேல்முனையில், முடிச்சின் அருகே மட்டும் அவர்கள் இழுக்கவில்லை. பனங்காயின் ஓடு சிதையாமல் நுங்கை நோண்டி எடுப்பதைப்போல, கட்டியின் மேலுறையை அங்கே விட்டுவைத்து உள்ளிருந்ததை எடுத்தார்கள். பின்னர்க் கட்டியைச் சிறு பையில் இட்டு, துளையின் வழியே வெளியே கொணர்ந்தார்கள். பை எதற்கு என்றால், கட்டியின் துணுக்குகள் உள்ளே சிந்தாமல் இருப்பதற்கு. இறுதியில், தேங்கும் நீரும் காற்றும் வெளியேற ஒரு குழாயை வைத்து, நுரையீரலை மீண்டும் விரியச் செய்தார்கள். திரையில் அது பூத்துவந்து விலாவைத் தொட்டது என்று அங்கிருந்த செவிலியர் ஒருவர் பிறகு என்னிடம் கூறினார்.

இரண்டாம் நாளே அவன் எழுந்து நடந்தான். நான்காம் நாள் வீடு திரும்பினான். நுண்ணோக்கிச் சோதனையில் அது தீங்கற்ற ஷுவான் கட்டி என்று தெரிந்தது.

ஆனால் நான் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. கண் விழித்த அன்றே, அவனுடைய இடது இமை சற்றுத் தாழ்ந்திருப்பதை முதலில் கண்டவள் என் அக்காள். முடிச்சை அறுக்கவில்லை, எனினும் அதன் அருகே கருவி பட்ட அதிர்ச்சியே அதற்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் யாரையும் நோகவில்லை; காத்திருந்தோம். ஆறு மாதங்களில் பெரும்பாலும் சரியாயிற்று. இன்று அவன் களைத்திருக்கும் மாலை வேளையில் மட்டும், அறிந்தவர் கண்ணுக்கு அது சிறிது தெரியும்.

இம்முறையைப் பற்றிப் பேசுவோர் பலரும் தழும்பின் சிறுமையையே புகழ்கிறார்கள். அது குறைந்த நன்மை அன்று. வலி குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாள் குறைவு, கூலி வேலை செய்பவன் விரைவில் தன் வேலைக்குத் திரும்பலாம். ஆயினும் கட்டி மிகப் பெரிதானாலோ, சுற்றியுள்ள உறுப்புகளுக்குள் பாய்ந்திருந்தாலோ, புற்றுநோய் என்ற ஐயம் வலுத்தாலோ, நீண்ட கீறலே நேர்மையான வழி. அப்போது, "ஏன் துளைவழியாகச் செய்யவில்லை?" என்று மருத்துவரை நெருக்குவது அறியாமை. மருத்துவரைக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: "இது தண்டுவடத்தை நோக்கிப் புகுந்திருக்கிறதா? எந்த நரம்புக்கு அருகில் இருக்கிறது? அந்த நரம்பு பழுதுபட்டால் எதை இழப்போம்? திறக்க நேர்ந்தால் திறப்பதற்கு ஆயத்தமாக இருக்கிறீர்களா?" உடலியல் பாடத்தில் பரிவு நரம்புச் சரத்தைப் படமாக வரையும் மாணவர்கள், அது தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். என்றோ ஒருநாள் உங்கள் வீட்டாருக்காக இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டியவர் நீங்களாகவே இருக்கலாம்.

சென்ற ஆண்டு நாங்கள் மூவரும் கொல்லத்துக்கு வண்டியேறினோம். பகவதிபுரம் கடந்து, மலைக்குள் புகுந்தவுடன் பெட்டியில் இருள் சூழ்ந்தது. மருமகன் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தவில்லை. வெளிச்சம் வந்தபோது அக்காள் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, தம்பி" என்றாள்.